பதினோரு நொடி

மான்டேவிடியோ நகர நூலகம், செவ்வாய் மாலை.
இரங்கற்பாக்களில் மௌனம் பற்றிப்
பேராசிரியர் பரெய்ரோ பேசினார், நாற்பது நிமிடம்.
என் வேலை ஒலிவாங்கி.
‘ப’ வரும்போதெல்லாம் வெடித்தது;
சற்றே இறக்கினேன்.

எதிரே அமர்ந்த ஒலிந்தா விடவில்லை:
“எந்த மௌனம்?
சொல்ல ஒன்றுமில்லாததா,
சொல்ல விடாததா?”

மேடையோரம் சைகைமொழியில் பெயர்த்துக்கொண்டிருந்த
நெலிதாவின் கைகள் நின்றன.
ஒரு சொல்லுக்கு இப்போது இரண்டு சைகை வேண்டும் அவளுக்கு.
முதலில், விரிந்த வெறும் உள்ளங்கை.
பிறகு
வேறு யாருடையதோ போல் எழுந்து
அவள் வாயைப் பொத்திய கை.

முன்வரிசையில் காது கேளாத மூவர்
நிமிர்ந்து உட்கார்ந்தனர்.
பேராசிரியர் தண்ணீர் தேடினார்.
என் கருவியின் முள் படுத்துக் கிடந்தது.

மறுநாள் சொன்னார்கள்:
“நடுவில் பதிவு காலியாக இருக்கிறது, வெட்டிவிடு.”
திரும்பப் போட்டுக் கேட்டேன்.
எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது.
வெட்டவில்லை.