பராமரிப்பு நாள்

இரவுப் பணி முடிந்து வருவதற்குள்
பேப்பர் வந்து கிடந்தது:
துணைமின் நிலையத்தில் பராமரிப்பு,
காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை மின்சாரம் இராது.
மாமாங்கத்தில் எங்கள் தெருப்பெயர்
எழுத்துப்பிழையோடு இருந்தது.

மணி ஆறு நாற்பது.
நகலெடுக்க இரண்டு மணி ஐந்து நிமிடம் என்றது
கேம் பெட்டி.

ஓமலூர் டோல்கேட்டில் எனக்கு மூன்றாம் பூத்.
ராத்திரி முழுக்கத் தடுப்புக்கட்டை ஏறி இறங்கும்.
தக்காளி லாரி, கோழி வண்டி,
பெங்களூரிலிருந்து தூங்கிக்கொண்டே வரும் பஸ்.
ஒன்றையும் பிடித்து வைத்துக்கொள்கிற வேலையில்லை அது.
திரையில் நீலக்கோடும்
அதே வரிசையில் நின்று நின்று நகர்ந்தது.
இருபது சதம். ஒரு காபி. இருபத்தொன்று.

பெட்டி பழையது. ஐந்து ரோட்டுப் பக்கம்
இம்தியாஸ் கடையில் ஒன்பதாயிரம்.
"எல்லாத்தையும் அழிச்சுக் குடுத்துர்றேங்க்கா" என்றவர்
அழிக்கவில்லை.
முதன்முறை போட்டதும் என்னைப் பார்த்து
மீண்டும் வருக, கழுகு636007 என்றது.

பின்கோடு அஸ்தம்பட்டி.
அதற்குமேல் அவனைத் தெரியாது எனக்கு.
ஒரே ஆட்டத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு மணிநேரம்
இருந்திருக்கிறான்.
பிறகு காலேஜ் கிடைத்திருக்கலாம்.
ஃபீஸ் கட்ட விற்றிருக்கலாம்.
அவன் என்கிறேன், அவளாகவும் இருக்கலாம்.

இடம் போதாமல்தான் இந்தப் புது ஹார்ட் டிஸ்க்.
அவனை அழித்தால் கிடைப்பது பதினாலு எம்.பி.,
கல்யாண வீடியோவில்
மாப்பிள்ளை தும்முகிற நேரம்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு நூறு தொட்டது.
எட்டு ஐம்பத்தெட்டுக்கே ஃபேன் நின்றது.
மின்வாரியத்துக்கும் என்ன அவசரமோ.

வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
வெள்ளைக்கல் குவாரி மேடு கண்ணைக் கூசியது,
அதற்குப் பின்னால் பாதிவரை மேகம் மூடிய சேர்வராயன்.
திருகின் தலையில்
முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம்.
கழற்றினால் உள்ளே தூசி.

எங்கள் வீட்டுத் தூசி வெளுப்பாக இருக்கும்,
தினம் துடைக்கிறவள், எனக்குத் தெரியும்.
அதற்கடியில் வேறொன்று.
சாம்பல் நிறம், பஞ்சு மாதிரி.
இரண்டு பூனை மயிர், மஞ்சள்.
எந்த நகலிலும் ஏறாதது.
பழைய டூத்பிரஷ்ஷால் தட்டினேன்,
ஜன்னல் வழியே போய்விட்டது.

இரண்டு மணிக் கரண்ட் இரண்டரைக்கு வந்தது.
புது டிஸ்க் வெறும் டிஸ்க்,
தான் யாரென்றே தெரியாமல்
மொழி கேட்டது, ஊர் கேட்டது, மணி என்ன என்றது.
எல்லாம் சொல்லி, நகலைச் செருகிவிட்டு
பக்கத்திலேயே தூங்கிப்போனேன்
டோல்கேட் சட்டையோடு.

விழித்தபோது
இரண்டு பேரும் இருந்தோம் திரையில்.

சரிபார்க்க வேண்டுமல்லவா.
அவன் பெயரை முதல் தடவையாக அழுத்தினேன்.
மழை. ஒரு மரப்பாலம், அது முடிகிற இடத்தில் கதவு.
இடுப்பில் கடைசி மருந்துக்குப்பி,
உயிர்க்கோடு சிவப்பில்.
உள்ளே என்ன இருக்கிறதென்று
அவனுக்குத் தெரிந்திருக்கும்,
தெரிந்ததால்தான் அங்கே சேமித்திருக்கிறான்.
என் கட்டைவிரல் குச்சியின்மேல் இருந்தது.
அசைக்கவில்லை.
நனைந்த தோள் ஏறி இறங்க
மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.
வெளியே வந்துவிட்டேன்.

பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி
ரேஷன் கார்டு டப்பாவில் வைத்தேன்.
அதற்குள்ளும் அவன் அதே கதவுக்கு முன்னால்தான்,
கரண்ட் இல்லாமல்,
மழை பெய்யாமல்.

ஒன்பதரைக்குக் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது.
செருப்பைத் தேடிய காலில் குத்தியது
ஒரு திருகு.
எங்கே விட்டுப்போனதோ.
பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.