எட்டு அணிகள் மீதமிருந்தபோது

"ஜெர்மனிய அசைக்க முடியாது லா"
என்று மேசையைத் தட்டுகிறான் தவசீலன்.
ஆதாரம், அவன் ஓட்டும் லோரி.
இருபத்தோரு வருஷமாய்
செம்பனைக் குலை ஏற்றி
ஒருநாளும் நடுவழியில் நின்றதில்லையாம் அந்த எஞ்சின்.

"உன் லோரி பெனால்டி அடிக்குமா?"
குமுதினி அக்கா கேட்கிறாள்,
தேத்தண்ணீரை ஒரு முழ உயரத்திலிருந்து இறக்கியபடி.

புக்கிட் ரோத்தானில் மணி இரண்டே கால்.
ஆலைப்புகை நிலாவை ஓரத்திலிருந்து
தின்றுகொண்டு வருகிறது.
இந்த ஒட்டுக்கடையைத் தவிர எங்கும் விளக்கில்லை.
மூன்று மணிக்கு ஆட்டம்.
ஆறு மணிக்குப் பெரட்டு.
தீர்ப்பு மட்டும் இப்போதே வேண்டும் எங்களுக்கு.

உரச்சாக்கைக் கிழித்து விரித்துக்
கட்டம் போட்டிருக்கிறோம்.
எட்டு, நான்கு, இரண்டு,
நடுவில் தவசீலன் வரைந்த கிண்ணம்;
கித்தாப்பால் வாளிக்குக்
காது முளைத்ததுபோல் இருக்கிறது.
நான் ஆலையில் எடை எழுதுகிறவன்.
பெயருக்கு எதிரே எண் போடுவது
என் தலையில் விழுந்துவிட்டது.
ஜப்பானுக்கு நூற்றுக்கு முப்பது என்றதும்
அக்கா கரண்டியை ஓங்கினாள்.
"ஆட்டம் முடிஞ்சதும் குப்பையப் பொறுக்கிட்டுப் போற சனம்யா அது.
நீங்களும் இருக்கீங்களே."
எல்லோரும் காலடியில் கிடந்த
கச்சாங் தோலைப் பார்த்தோம்.
நாற்பதாக்கினேன்.

ரஃபிக்குலுக்கு எண்ணே தேவையில்லை.
வங்காளத்திலிருந்து வந்து ஐந்து வருஷம்,
கொங்சி வாசலில் வெளுத்துப்போன அர்ஜென்டினாக் கொடி.
அவன் நாடு உலகக் கிண்ணத்துக்குப் போனதேயில்லை.
எங்கள் நாடும்தான்.
அதைப் பற்றி இந்த மேசையில்
யாரும் பேசுவதில்லை.

பவுன்ராஜ் அண்ணன் கணக்கு வேறு.
யாருக்கு இடது முட்டி வீக்கம்,
யார் இன்னொரு மஞ்சள் வாங்கினால் அரையிறுதியில் இல்லை,
எந்தக் கோலி பயந்தால் எந்தப் பக்கம் சாய்வான்,
எல்லாம் அவரிடம் உண்டு.
தோட்டத்து அணிக்குப் பதினாறு வருஷம் கோல் காத்தவர்.
வலது சுண்டுவிரல் இன்னும் மடங்காது.
போன சுற்றில் குரோஷியாவுக்காகத் தொண்டை கட்டினார்,
இந்தச் சுற்றில் மொராக்கோ.

"ஏன்ணே, ஒரு நாட்டோட நிக்க மாட்டீங்களா?
உங்களுக்குன்னு ஒன்னு இல்லையா?"
சஞ்சீவன் கேட்டான்.
ஆலைக்கு வந்து மூன்று வாரம்,
கிள்ளான் பையன், அவனுக்குத் தெரியாது.

அக்கா கையிலிருந்த மங்கு
அப்படியே நின்றது.
அண்ணன் சட்டைப்பையைத் துழாவி,
ரப்பர் வளையம் கழற்றி,
நெகிழிக்குள்ளிருந்த அடையாள அட்டையை
நடுவர் தூக்குவதுபோல்
பையன் முகத்துக்கு நேரே தூக்கினார்.
சிவப்பு.

"மைதானத்துல சிவப்பு அட்டை காட்டுனா
அடுத்த ஆட்டம் ஒன்னுதான் போகும்.
எனக்கு அம்பத்தாறு வருஷமாச்சு.
இதே ரெண்டாங்கட்டை லயத்துலதான் பொறந்தேன்.
எங்கப்பா சூராவை எங்கயோ தொலைச்சிட்டாரு.
விசில் ஊதுன ஆளத்தான் தேடுறேன்,
ஒவ்வொரு ஆபீசா."

அவர் சிரித்தார்.
தவசீலன் சிரிக்கப் பார்த்து இருமினான்.
மாநிலத் தேர்வுக்குப் போய்,
நீலம் இல்லையென்று
வாசலோடு திரும்பிய கதையை
அன்று அவர் சொல்லவில்லை.
ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி
அட்டையை உள்ளே வைத்தார்.

"சரி, மொராக்கோவுக்கு எவ்வளவு போட்ட?"
"இருபது."
"அறிவிருக்கா? எதிராளியோட இடதுபக்கம்
பெரட்டுக்களம் மாதிரி தொறந்து கெடக்குடா!"
பேனாவைப் பிடுங்கி
அவரே அடித்தார், அறுபத்தைந்து.
கூட்டினால் நூற்றைத் தாண்டுகிறது.
நான் வாய் திறக்கவில்லை.

மூன்று மணி.
திரையில் இரண்டு வரிசை,
தோளில் கைபோட்ட பிள்ளைகள்.
தேசிய கீதம்.
அண்ணன் மங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.
எப்போதும் எழுவார்,
இரண்டு நாட்டுக்கும்.
நாங்கள் உட்கார்ந்தே பார்ப்போம்,
பழகிவிட்டது.

சஞ்சீவனின் நாற்காலி மட்டும்
சிமெண்டுத் தரையில் கிரீச்சிட்டது.
பாதி எழுந்தவன்,
உட்காரலாமா என்பதுபோல்
என்னைப் பார்த்தான்.