இரண்டு மணி வரைக்கும்

நொத்தாரிசு சாப்பிடப் போய்விட்டார்.
இரண்டு மணிக்கு வரச்சொன்னது கிளாக் பிள்ளை.
வாங்குபவர் மூதூரிலிருந்து இன்னும் பஸ்ஸில்.
உறுதி மேசையில் கிடக்கிறது,
மின்விசிறிக் காற்றுக்கு ஸ்டேப்ளர் ஒன்று மேலே பாரமாக,
இப்போதைக்கு எங்கள் இருவர் பெயரிலும்.

உட்துறைமுக வீதியில் புதுக் கடை.
முன்பு ஐஸ் பக்டரியாம்.
இப்போது ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி,
கவிழ்த்த மீன்கரப்புகளுக்குள் விளக்குகள்.
"செட் லஞ்ச் மட்டும்தான் மிஸ்" என்றான்
இம்தாத் என்று நெஞ்சில் பெயர் குத்திய பையன்.
தெரிவுசெய்ய ஒன்றுமில்லை.
பதினொரு வருடத்தில் முதல்முறையாக
அது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒடியல் கூழ் வந்தது
கோப்பிக் கிண்ணத்தில், இரண்டு மிடறு.
மேலே நுரை. நுரையில் நண்டு வாசம்.
நண்டு எங்கே என்று கேட்டான் பிரணவரூபன்.
"வாசம்தான் சேர் நண்டு."
நான் சிரித்தேன். அவனும்.
பிறகு இருவரும் தண்ணீர் குடித்தோம்.

கருங்கல் தட்டில் பாரை மீன்,
மிசோவும் கொறுக்காய்ப்புளியும் பூசி;
பக்கத்தில் விரலளவு குழற்புட்டு நெட்டுக்குத்தாய்,
அதன் தலையில் சீஸ் சீவல்.
தட்டில் வெறுமைதான் அதிகம்:
அலஸ்தோட்டத்துக் காணி மாதிரி,
ஒரு மூலையில் கிணறு,
மற்றதெல்லாம் கட்டாத வீடு.

குசினி ஜன்னல்
கடல் பக்கமா, வீதிப் பக்கமா என்று
ஒரு மாரி முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறோம்.
சுவரே எழும்பியிருக்கவில்லை அப்போது.

மீன்தோல் தனியே
மொறுமொறுவென்று பாய்போல விரிந்து நின்றது.
எனக்குத் தோல் பிடிக்காது.
கை தன்பாட்டில் போய்
அவன் தட்டில் வைத்துவிட்டது.
அவன் முள்கரண்டியும் தன்பாட்டில்
செத்தல் மிளகாயைப் பொறுக்கி
என் பக்கம் தள்ளியது.
உறுதியின் அட்டவணையில் இதெல்லாம் இல்லை.
யாருக்கு எழுதுவது?

"விசேஷமா சேர் இண்டைக்கி?"
"ஓம்" என்றான் பிரணவரூபன், "காணி விக்கிறம்."
பையன் என்ன விளங்கினானோ,
பனங்கட்டிப் பன்னகோட்டா ஒன்று வந்தது,
கடையின் அன்பளிப்பு,
கல்லுப்புத் தூவி, இரண்டு கரண்டியோடு.

கண்ணாடிக்கு அப்பால் மான் ஒன்று.
இந்த ஊர் மான்களுக்கு யாரிடமும் கூச்சமில்லை.
வாசலில் காற்று தட்டிவிட்ட மெனுத்தாளை
மேல் முனையிலிருந்து தின்னத் தொடங்கியது,
கூழ், பாரை, புட்டு என்று
ஒழுங்கு தவறாமல்.

கரண்டிகள் ஒருமுறை முட்டின.
கடைசித் துண்டை யாரும் எடுக்கவில்லை.

பில்லைப் பாதி பாதி போட்டோம்.
"மீனுக்கு உப்புக் கூட" என்றான் படியில் இறங்கும்போது.
எனக்கு அப்படித் தெரியவில்லை.
ஓம் என்றேன்.

ஒன்று ஐம்பது.
அந்த வெயிலில் ஓட்டோ ஒன்றும் நிற்கவில்லை.
நடந்தோம்,
அவன் வீதிப் பக்கம்,
நான் கடல் பக்கம்.