முதலில் உட்காருவது

பிரதீக்ஷா நகரில் ஒன்பது கட்டடங்களுக்கும் பொதுவாய்
ஏழு பெஞ்சு வேண்டும் என்றார்கள்.
வசூல் நோட்டில் ஐந்துக்குத்தான் காசு இருந்தது.
ஐந்து வரைந்தேன்.

யார் உட்காரப் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
மழை.
ஜூன் தொடங்கி நான்கு மாதம்
காலை நீட்டிச் சாவகாசமாய் அதுதான் உட்காரும்.
அதை எழுப்பி அனுப்பும் வழியைத்தான்
முதலில் வரைய வேண்டும்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே
ஒரு பென்சில் நுழையும் இடைவெளி.
சாவி விழுமே என்றார்கள்.
விழட்டும், குனிந்தால் கிடைக்கும்.
முதுகுக்குச் சுகமான பின்சரிவு
தண்ணீருக்கும் சுகம். அதனால்
பின்னால் அதற்கொரு வாசல்.
நான்கு காலின் கீழும் கடப்பைக்கல் துண்டு.
மரம் தண்ணீர் குடிப்பது வெட்டுமுனையில்,
அங்கே மட்டும் மூன்று முறை எண்ணெய்.

ரே ரோட்டுக் கிடங்கில்
இடித்த கட்டடத்தின் தேக்கு உத்தரங்கள் கிடைத்தன.
கேவல்ராம் ஜாங்கிட் காந்தத்தை ஓட்டி ஓட்டிப்
பதினெட்டு ஆணி பிடுங்கினார்.
சீக்கர் பக்கத்து ஆள், வெயிலுக்குத்தான் பயப்படுவார்.
என் இடைவெளிகளைப் பார்த்து,
'மரம் மிச்சம் பிடிக்கிறீர்களா?' என்றார்.
இரும்புத் திருகாணி கடற்காற்றில்
இரண்டே மழையில் கறுப்பாய் ஒழுகும்.
பித்தளைக்கு விலை கேட்டுவிட்டுக்
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

செயலாளர் சாவந்த் வரைபடத்தைப் பார்த்தார்.
நடுவில் ஒரு கோடு போட்டார்.
'இங்கே ஒரு கைப்பிடி.
ராத்திரி யாரும் படுத்துவிடக் கூடாது.'
நான் தலையாட்டவில்லை.
'மழையை எழுப்ப இவ்வளவு செய்தீர்களே,
மனிதரை எழுப்ப ஒன்று செய்யக் கூடாதா?'

நல்ல கேள்விதான்.
பதில் எனக்கு இரண்டு நாள் கழித்துப் பால் வாங்கும்போது வந்தது.
அதற்குள் கூட்டத்தில் கை தூக்கிவிட்டார்கள்,
ஆறுக்கு நான்கு.

வைத்தேன்.
ஆனால் இருக்கையில் ஊன்றவில்லை.
முதுகுக் கட்டையிலிருந்து கிளை மாதிரி நீட்டினேன்,
கீழே ஒன்றே கால் சாண் வெற்றிடம்.
ஊன்றினால் அடியில் ஈரம் தேங்கும் என்றேன்.
பொய்யில்லை.
ஜாங்கிட் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து பார்த்தார்.
தாங்கியது.

ஆகஸ்டில் ஒரு விடிகாலை.
பால் வண்டிக்காரன் மூன்றாவது பெஞ்சில்
அந்தக் கைப்பிடிக்கு அடியில் கால்களை நுழைத்துத்
தூங்கிக்கொண்டிருந்தான்.
மேலே பத்திரமாய் அவன் ஹெல்மெட்.

அன்று மாலை அதே பெஞ்சு.
முழங்கால் அறுவை முடிந்த ஷெவந்தி காம்ப்ளே
நடுக் கைப்பிடியை அழுத்தி,
ஒரு மூச்சு விட்டு எழுந்தார்.
ஓரத்துக் கைகள் அவருக்கு எட்டவில்லை.
இது நான் வரைந்ததில்லை,
சாவந்தின் கோடு.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐந்தாவதில் ஒரு பலகை முறுக்கிக்கொண்டது,
கழற்றித் திருப்பிப் போட வேண்டும்.
மழை விட்டால் அரை மணியில் உட்காரலாம் என்று
வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருந்தேன்.
கைக்கடிகாரத்தோடு நின்று பார்த்தேன்.
ஒரு மணி பத்து நிமிடம்.