ஜோடியா, ஒத்தையா

ஐப்பசி பிறந்து நாலாம் நாள்.
ஜி.பி. ரோட்டில் வண்டி நிறுத்த இடமில்லை.
ஊருக்கே ஒரே காலையில் ஞாபகம் வந்துவிட்டது
தன் காருக்கு வைப்பர் இருப்பது.

இத்ரீஸ் பாய் என் பழைய பிளேடை வாங்கி
கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறுகிறார்.
காய்ந்த வடகம் மாதிரி உதிர்கிறது ரப்பர்.
"மழைல போனதில்லம்மா இது.
மே மாசமே செத்துப்போச்சு.
உனக்கு இன்னைக்குத்தான் தகவல் வந்திருக்கு."

சரிதான்.
கத்திரி வெயிலில் ஆபீஸ் வாசலில்
ஒன்பது மணிநேரம்
கொதிக்கிற கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது.
ஒருநாள்கூட நான் அதைத் தூக்கி நிறுத்தவில்லை.

"இரும்புச் சட்டம் போட்டது இருக்கு, விலை கம்மி.
நடுவுல நல்லா தொடைக்கும், ஓரத்துல ஏமாத்தும்.
சட்டமில்லாதது கண்ணாடியோட வளையும்.
நீ ராத்திரி ஓட்டறவளா?"
ஆமாம்.
"அப்ப ரெண்டாவது. சைஸ்?"
இருபது. அந்தப் பக்கம் பதினாறு.
"ஜோடியா, ஒத்தையா?"

மூன்று வருடமாக ஒத்தைதான் வாங்கினேன்.
இடது பக்கம் உட்கார ஆளில்லை.
உட்கார்ந்த ஆள் இப்போது கோயம்புத்தூரில்,
யார் காரிலோ, எந்தப் பக்கமோ.
காலி இருக்கைக்கு எதிரே
மழை எப்படி வழிந்தால் என்ன என்று
வருடத்துக்கு முந்நூற்று நாற்பது ரூபாய்
மிச்சம் பிடித்தேன்.

போன கார்த்திகையில்
பள்ளிக்கரணை தாண்டி
சதுப்பும் சாலையும் ஒரே நிறமாகிப்போன ஓர் இரவு.
என் முன்னால் அரைவட்டமாய்த் தெளிவு.
இடதில் கண்ணாடிக்குப் புரை விழுந்திருந்தது.
அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்தான்
முதுகில் சாப்பாட்டுப் பெட்டி கட்டிய பையன்.
மிதித்த பிரேக்கில் வண்டி வழுக்கி நின்றபோது
பம்பருக்கும் அவன் கணுக்காலுக்கும் நடுவே
ஒரு சாண்.

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி
"அக்கா, இந்தப் பக்கமாத்தானே
இவ்ளோ நேரமா வந்துட்டிருக்கேன்" என்றான்.
திட்டியிருக்கலாம்.
பெட்டியைத் திறந்து
குழம்பு கொட்டியிருக்கிறதா பார்த்தான்.
போய்விட்டான்.

அந்தப் பக்கத்து வைப்பர்
அந்தப் பக்கம் உட்காருபவருக்கு என்று
எத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"ஜோடி" என்கிறேன்.
பாய் தாடையில் பேனா சொருகியபடி
கிளிப்பை அமுக்குகிறார், கொக்கியில் டக்.
தண்ணீர் பாட்டிலைக் கண்ணாடியில் கவிழ்த்து
"போடு" என்கிறார்.
சத்தமே இல்லை.
அதற்குத்தான் காசு.

இப்போது ஞாயிறுதோறும்
நனைத்த பழைய பனியன் துணியால்
ரப்பரின் ஓரத்தை நீள ஒரு இழுப்பு இழுக்கிறேன்.
மை தொட்ட விரல்போல் துணி கறுக்கிறது.
தூங்குமூஞ்சி மரத்தின் பிசின்,
காக்கை எச்சம்,
கொசுப்புகை வண்டி போன பிறகு
கண்ணாடியில் படிகிற டீசல் எண்ணெய்,
எல்லாம் அந்தத் துணியில்.
தொட்டியில் ஷாம்பூ ஊற்றுவதை விட்டுவிட்டேன்,
நுரை காய்ந்து கோடு போடுகிறது.
வெயில் நாளில் இரண்டு கையையும் தூக்கி நிறுத்தினால்
வாட்ச்மேன் செல்லமுத்து கேட்கிறார்:
"என்ன மேடம், வண்டி சரண்டரா?"

மார்கழி, ஐந்தே கால்.
ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறேன்.
உள்ளே ஏசி குளிர்,
வெளியே கண்ணாடிக்கு வியர்வை.
முன்பெல்லாம் உள்பக்கத்தைக் கையால் துடைத்துத் துடைத்து
ஒன்றும் விலகாமல் எரிச்சல்பட்டிருக்கிறேன்.
பனி இருப்பது வெளியே.

மழை இல்லை. ஒருமுறை தட்டுகிறேன்.
இரண்டும் போய் வருகின்றன.
காலி இருக்கைக்கு எதிரே
ஒரு மெட்ரோ தூண், அதன் எண்,
அடியில் சுருண்ட நாய்,
பால் வண்டிக்குப் பின்னால்
மேடவாக்கம் முழுதாக.