கை போகும் இடம்

காசிமேட்டில் ஏசுபாதத்தின் ஐஸ் கம்பெனி.
பில் போடும் அறையில்
மூன்று கேபினெட்டை இறக்கி வைத்துவிட்டு
"எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு மெஹரு" என்றார்.
ஏலச் சத்தம் சன்னல் வழியே ஏறிவந்து
மேஜையில் உட்கார்ந்திருந்தது.

வலப்பக்கக் கதவைத்தான் முதலில் கழற்றுவேன்.
எல்லோரும் இடப்பக்கம் திறந்து காட்டுவார்கள்,
வந்தவருக்குக் கூடத்தைக் காட்டுவதுபோல.
சமையல்கட்டு வலப்பக்கம்.
ஒயரெல்லாம் அங்கே போய்த்தான் முடங்க வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் கண்ணாடி.
மூன்று ஃபேன், மூன்றும் நிறம் மாறும்.
அவை மூச்சு இழுக்க
ஓரமாய் ஒரு விரலளவு சந்து.
தகட்டுக்கும் கதவுக்கும் நடுவே
என் சுண்டுவிரல் நுழையவில்லை.
இருபத்துநாலு பின் ஒயர் இதில் எப்படித் திரும்பும்?
மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில்
பஸ் நிற்குமே, அப்படி நிற்கும்.

பக்கத்தில் ஒன்று, பெரியது,
குடித்தனமே வைக்கலாம்.
தட்டினால் பிஸ்கட் டின்.
மதர்போர்டைத் தாங்கும் தகடு
பெருவிரலுக்கே வளைந்து கொடுத்தது.
பெயிண்ட் வெளியே மட்டும்.
உப்புக்காற்றுக்குத் தெரியும்
பெயிண்ட் எங்கே இல்லையென்று.
போன வருஷம் இதே அறையில் ஒன்றைப் பிரித்தேன்.
ஸ்க்ரூவின் தலை ஆடிய பல்போலக் கையோடு வந்தது.
உள்ளே எண்ணூர்ச் சாம்பல் ஒரு பிடி,
ஒரே ஒரு வஞ்சிரச் செதில்.
அது எப்படிப் போனதென்று
இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

மூலையில் இருந்தது கறுப்பு, சப்பை, பேரில்லாதது.
பார்சலோடு சும்மா கொடுத்தார்களாம்.
கையை உள்ளே விட்டேன்,
வெட்டட்டும் என்றுதான் விட்டேன்.
இருபது வருஷமாக எல்லாப் பெட்டியும்
என் விரல் கணுக்களில்
கையெழுத்துப் போட்டிருக்கிறது.

வெட்டவில்லை.

மறுபடி ஓட்டினேன்.
மூலைவரை, ஃபேனின் அடிவரை,
யாரும் எட்டிப் பார்க்காத
எஸ்எம்பிஎஸ் தட்டுக்குக் கீழேயும்.
விளிம்பையெல்லாம் உள்பக்கமாக மடித்து
அமுக்கியிருந்தது, பாவாடைக்கு ஓரம் அடித்ததுபோல.

எந்த ஊரிலோ தகட்டை வரைந்த ஆள்
பென்சிலை அரைக்கணம் நிறுத்தியிருக்கிறார்.
இங்கே ஒரு கை வரும்.
யார் கையென்று கேட்டுக்கொள்ளவில்லை,
மடித்துவிட்டார்.

"இதுதான்" என்றேன்.
ஏசுபாதம் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.
கடைப்பையன் சுவிட்சைத் தட்டினான்:
நீலம், பச்சை, ரோஸ், மறுபடி நீலம்.
"ஷோக்கா கீது மெஹரு.
பார்ட்டிங்க வந்தா பாப்பாங்கல்ல?"
பார்ப்பார்கள்தான்.

அரத்தை எடுத்துக்கொண்டு
அரைமணி நேரம் அதற்குள் ராவினேன்.
தகரத் தூளை ஈரத்துணியில் ஒற்றினேன்.
அரம் எட்டாத இடத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்.
இதெல்லாம் கூலியில் சேராது.
அடுத்து திறப்பது நானாகவும் இருக்கலாம்,
வேறு யாராவதும்.
முன் கண்ணாடியை மட்டும் கழற்றி
பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.
ஏசுபாதம் பார்த்தும் பார்க்காததுபோல
ஐஸ் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அத்த நீயே எடுத்துக்கினு போ,
எடத்த அடைக்குது."

ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்திருந்தேன்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
கூட்ஸ், அதுவும் நிலக்கரி,
எண்ணி முடிகிற வண்டியா அது.
எதிரே உட்கார்ந்திருந்த பெண்
"இன்னாக்கா, காலிப் பெட்டியா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
கை அதுபாட்டுக்கு உள்ளே
ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.