துபாசி

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
ரப்பர் ஷீட் காயப்போடும் வெளியில் பந்தல்.
பாறசாலைப் பக்கம் பெருமழை,
இந்தப் பக்கம் சாரல் மட்டும்.

மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம்.
பேசுகிறவர் பாஸ்டர் சிலேஷே,
ஜாம்பியா தேசம், கஸாமா ஊர்.
துபாசி நான்.
முப்பத்தோரு வருஷம் இங்கிலீஷ் வாத்தியார்.

போஸ்டரில் அவர் தலைக்குப் பின்னால் ஒரு சிங்கம்.
"நான் சிங்கத்தைப் பார்த்ததே இல்லை" என்றார் மைக்கில்.
அதை விட்டுவிடும்படி கமிட்டி கைகாட்டியது.
விட்டுவிட்டேன்.
யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று வேறெதையோ சொன்னேன்.
அல்லேலூயா எழுந்தது.
அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

தீனக்காரர் வரிசை கல்லுக்கட்டு வரை நின்றது.
எல்லோரும் சத்தத்துக்குத் தயாராக வந்திருந்தார்கள்,
நெற்றியில் ஒரு தள்ளு, பின்னால் பிடிக்க இரண்டு பேர்.
அவர் தள்ளவில்லை.
எண்ணெய்க் குப்பியை மூடியபடியே வைத்துக்கொண்டு
ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி:
நீ யாரோடு பேசுவதில்லை?

"இது குறி கேக்குற மாதிரில்லா இருக்கு"
செயலாளர் தபசிமணி என் காதில் முனகினார்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
ஆனாலும் பாஸ்டருக்குப் புரிந்திருக்க வேண்டும்.
"எங்கள் ஊரில் ஙங்கா இப்படித்தான் கேட்பான்" என்றார்.
"மிஷன்காரர்கள் அவனுடைய மணியை எரித்தார்கள்,
கூடையை எரித்தார்கள்.
கேள்வியை எரிக்க முடியவில்லை.
என் அப்பா அதைச் சபைக்குள் கொண்டுவந்தார்,
சட்டைப்பைக்குள் உப்பு கொண்டுவருவது போல."

இரண்டாம் ராத்திரி
வரிசையில் நேசபாய்.
என் தங்கை.
பதினோரு வருஷம். ஒரு மதில்.
அவள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர இருந்த வழியில்
நான் கட்டியது, ஆவணப்படி சரியானது.

"வலத்த கை பொங்க மாட்டேங்கு" என்றாள், மைக்கைப் பார்த்து.
"தோளு உறைஞ்சு போச்சாம், ஆஸ்பத்திரியில சொன்னாவ."
உறைவதற்குப் பனி இல்லாத நாடு இது.
இங்கிலீஷில் சொன்னேன். அது சுலபம்.

நீ யாரோடு பேசுவதில்லை?
அதையும் தமிழில் சொன்னேன்.
என் குரல் ஸ்பீக்கரில் சந்தை தாண்டிப் போய்த்
திரும்பி வந்தது.

"இந்தா நிக்கானே, இங்கிலீசு பேசிட்டு.
இவன்கூடத்தான்."

பந்தல் அடங்கிற்று.
ஜெனரேட்டர் மட்டும்.
பாஸ்டர் காத்திருந்தார், தலை சாய்த்து.
நான் சொன்னேன்:
ஒரு உறவினரோடு.

அவர் அவள் தோளில் கை வைத்து ஜெபித்தார்.
கை காதுவரை வந்தது என்றார்கள் சிலர்.
நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி தபசிமணி வீட்டில் மரச்சீனியும் சாளைக் கறியும்.
"இதைத்தானே அம்மா அவித்துத் தருவாள்" என்று
பாஸ்டர் மூன்று தட்டு சாப்பிட்டார்.
கை கழுவும்போது கேட்டார்:
"அந்தப் பெண் ஆறு வார்த்தை பேசினாள்.
நீங்கள் எனக்கு இரண்டுதான் தந்தீர்கள்."

நான் டவலைத் தேடினேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.
தன் ஊரைப் பற்றி மட்டும் சொன்னார்:
பேச்சு முறிந்த இரண்டு பேர்
ஒரே கோப்பையில் வாய் கொப்பளித்து
நிலத்தில் துப்புவார்களாம்.
வாயில் இருப்பதெல்லாம் தண்ணீரோடு போகுமாம்.
"சபையில் இதைத் தடுத்திருக்கிறார்கள்" என்றார்,
"அதனால் சபைக்குப் பின்பக்கம் செய்கிறோம்."

அவர் போய் நாலு நாள் ஆகிறது.
விடிகாலை.
மதிலுக்கு அந்தப் பக்கம் வாரியல் சத்தம்,
இழுப்பு நேராக இல்லை,
இடக்கையால் கூட்டுகிறாள்.
இந்தப் பக்கம் பைப்படியில்
பல் தேய்க்க வந்த நான்
வாய் நிறையத் தண்ணீரோடு நிற்கிறேன்.
துப்பவில்லை.
விழுங்கவுமில்லை.